நரம்புக்கும் தசைக்கும் இடையே

நமது தேசத்தில் வருஷந்தோறும் பாம்புக் கடியால் மாள்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், படித்தவர்களில் பலர் சில நூறு என்றோ சில ஆயிரம் என்றோ சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். 2020-ம் வருஷத்தில் வெளியான ஓர் ஆராய்ச்சி, 2000 முதல் 2019 வரையுள்ள இருபது வருஷங்களில் இந்தியாவில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறது. சராசரியாக வருஷத்துக்கு 58,000 பேர். இவர்களில் கால் பங்குக்கு மேற்பட்டோர் பதினைந்து வயது நிரம்பாத குழந்தைகள். பாதிச் சாவுகள் ஜூன் முதல் செப்டம்பர் வரை, வயல் வேலை மும்முரமாக நடக்கும் மழை மாதங்களில் நேர்ந்தவை. மாண்டவர்களில் பெரும்பாலோர் கிராமத்தார். ஆஸ்பத்திரியின் வாசற்படியைக் காணாமல் தங்கள் வீட்டிலேயே உயிர் விட்டவர்கள். ஒரு யுத்தத்தில் இத்தனை பேர் மடிந்தால் சட்டசபைகள் கூடி இரவு பகலாக விவாதிக்கும். மடிகிறவர்கள் களை எடுப்பவர்களும், அறுவடைக் கூலிகளும், வெறுந்தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களும் ஆனபடியால் சங்கதி சந்தடியில்லாமல் முடிந்துவிடுகிறது.

இச்சாவுகளில் ஒரு பெரும் பகுதி தடுக்கக்கூடியது என்பது நமது துணிபு. ஏன் தடுக்கக்கூடியது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், மனித சரீரத்தின் ஒரு சிறு மூலையில் நடக்கும் காரியத்தை அறிந்துகொள்ள வேண்டும். நரம்பு முடிந்து தசை ஆரம்பிக்கும் இடம் அது. சரீர சாஸ்திரம் பரீட்சைக்குப் படித்து மறக்க வேண்டிய பாடம், பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்களுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அவர்கள் சற்றுப் பொறுமையுடன் மேலே படிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நமது உடல் உயிரணுக்களால் ஆயது. 1665-ல் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேயர் தக்கையைச் சீவி, பூதக்கண்ணாடிகள் கொண்டு தாமே அமைத்த கருவியில் வைத்துப் பார்த்தபோது, தேன்கூட்டில் இருப்பதுபோன்ற சிறு அறைகளைக் கண்டார். அறை என்ற பொருளிலேயே அதற்குப் பெயரும் இட்டார். அவர் கண்டது செத்த மரத்தின் வெற்றறைகளையே. உயிருள்ள யாவும் இத்தகைய அணுக்களால் ஆனவை என்று 1838-லும் 1839-லும் ஜெர்மனியில் ஷ்லைடன், ஷ்வான் என்ற இருவர் நிலைநாட்டினார்கள். ஓர் உயிரணு மற்றோர் உயிரணுவிலிருந்தே பிறக்க முடியும் என்ற கொள்கையை 1850-களில் விர்ஹோ பரப்பினார். வளர்ந்த மனிதனுடைய சரீரத்தில் சுமார் 30 லட்சம் கோடி உயிரணுக்கள் இருப்பதாக 2016-ல் செய்த கணக்கு ஒன்று கூறுகிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ரத்தத்தின் சிவப்பு அணுக்களே. மூளையின் நரம்பணுக்கள் சுமார் 8,600 கோடிதான்.

எண்ணிக்கையில் குறைவாயினும் நரம்பணு விசித்திரமான பிராணி. மற்ற அணுக்கள் உருண்டையாகவோ தட்டையாகவோ தம் இடத்தில் அடங்கிக் கிடக்க, இது வேரும் கிளையும் விட்ட மரம்போல் இருக்கிறது. முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்தின் அடிப்பகுதியில் உட்கார்ந்துகொண்டு, பாதத்தின் சிறு தசை வரையில் ஒரே இழையை நீட்டியிருக்கும் நரம்பணு நம் ஒவ்வொருவரிடமும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஓர் அணுவுக்கு ஒரு மீட்டர் நீளமுள்ள வால்! கால் விரலை அசைக்க வேண்டும் என்று மூளை நினைத்தால், அந்த உத்தரவு இவ்வழியாகவே இறங்கி வருகிறது.

உத்தரவு எந்த ரூபத்தில் வருகிறது? மின்சாரமாக வருகிறது என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. கம்பியில் ஓடும் மின்சாரத்துக்கும் இதற்கும் பெருத்த வித்தியாசம் உண்டு. ஒவ்வொரு நரம்பணுவைச் சுற்றிலும் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அச்சவ்வில் பதிந்துள்ள நுண்ணிய இறைப்புக் கருவிகள், ஏற்றக்காரன் ஓயாமல் இறைப்பதுபோல, சோடியத்தின் மின்னேறிய அணுக்களில் மூன்றை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தின் அணுக்களில் இரண்டை உள்ளே இழுத்த வண்ணம் இருக்கின்றன. நாம் உப்பு என்று உண்பதில் பாதி இந்தச் சோடியந்தான். இவ்வாறு இறைப்பதன் பயனாகச் சவ்வின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் இடையே ஒரு வோல்ட்டில் சுமார் நூற்றில் ஏழு பங்கு மின்னழுத்தம் எப்போதும் நிற்கிறது. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, உண்ட உணவின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை விழுங்குவதற்கு இந்த இறைப்பு வேலை ஒரு முக்கிய காரணம். பட்டினி கிடப்பவனுக்குச் சிந்தனை ஓடுவதில்லை என்று நம் பெரியவர்கள் சொன்னது வெறும் இரக்கப் பேச்சன்று.

தூண்டுதல் வந்ததும் சவ்வின் ஒரு புள்ளியில் மடைகள் திறக்கின்றன. வெளியே தேங்கியிருந்த சோடியம் உள்ளே பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் அடுத்த புள்ளியின் மடையைத் திறக்கிறது, அது அதற்கடுத்ததை. சரவெடியில் ஒரு வெடி அடுத்த வெடியைப் பற்றவைப்பதுபோல உத்தரவு இழையின் கடைசி வரை ஓடுகிறது. வெடித்த சரவெடி வெடித்ததுதான். நரம்போ விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு நேரத்துக்குள் மீண்டும் நிரம்பி அடுத்த உத்தரவுக்குத் தயாராகிவிடுகிறது. கணவாய் மீனின் பருத்த நரம்பிழைக்குள் மெல்லிய கம்பியைச் செருகி இந்த ரகசியத்தை அளந்தவர்கள் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆங்கிலேயர்கள். 1939-ல் ஆரம்பித்த வேலை உலக யுத்தத்தால் நின்று, 1952-ல் பூர்த்தியாயிற்று.

நரம்பின் வேகத்தை மனிதனால் அளக்கவே முடியாது என்று யோஹான்னஸ் மியுல்லர் என்ற பேராசிரியர் எழுதிவைத்தார். அவருடைய மாணாக்கரான ஹெல்ம்ஹோல்ட்ஸ், 1850-ல் தவளையின் நரம்பில் அதை அளந்தே காட்டிவிட்டார். விநாடிக்கு ஏறக்குறைய 27 மீட்டர். நினைத்த மாத்திரத்தில் என்று நாம் சொல்வதற்கும் காலக்கணக்கு உண்டு என்று அன்று தெரிந்தது. மனிதனிடத்தில், கொழுப்புறை போர்த்த பெரிய இழைகளில் விநாடிக்கு 100 மீட்டருக்கு மேலும், உறையில்லாத மெல்லிய இழைகளில் விநாடிக்கு ஒரு மீட்டர் அளவிலுமாகச் செய்தி செல்கிறது. காலில் முள் தைத்தால் முதலில் சுரீர் என்றும், கணம் தாழ்த்தி மந்தமான வலியும் தோன்றுவதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். ஒரே முள்ளின் செய்தி வேகமான தபாலிலும் மெதுவான தபாலிலும் வந்து சேர்வதன் விளைவு அது.

இனி நாம் சொல்ல வந்த இடத்துக்கு வருவோம். இழை முடிகிறது, தசை ஆரம்பிக்கிறது. இரண்டும் ஒட்டியிருக்கின்றனவா?

இந்தக் கேள்வி ஒரு காலத்தில் பெரும் பகையை விளைவித்தது. இத்தாலியரான கோல்ஜி, 1873-ல் வெள்ளி உப்பைக் கொண்டு நரம்பணுக்களைக் கறுப்பாகச் சாயமேற்றும் வித்தையைக் கண்டுபிடித்தார். நரம்புகள் யாவும் ஒன்றோடொன்று பிணைந்த ஒரே வலை என்பது அவர் கட்சி. அவருடைய சாயத்தையே எடுத்துக்கொண்டு வேலை செய்த காஹால் என்ற ஸ்பானியர், ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தனி என்றும், ஒன்று மற்றொன்றை நெருங்குமேயன்றிக் கலவாது என்றும் 1888 முதல் வாதித்தார். 1906-ல் நோபல் பரிசை இருவருக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். கோல்ஜி பரிசை வாங்கிக்கொண்டு, அந்த மேடையிலேயே காஹாலின் கொள்கையைத் தாக்கிப் பேசினார். பண்டிதர்களின் சண்டை நம் ஊருக்கு மட்டும் சொந்தமல்ல என்று ஆறுதல் கொள்ளலாம். 1950-களில் எலெக்ட்ரான் பூதக்கண்ணாடி வந்து, காஹால் சொன்னதே சரி என்று கண்ணால் காட்டிற்று. நரம்பணுக்களின் சந்திப்பில் மட்டுமல்ல, நரம்பு தசையைச் சந்திக்கும் இடத்திலும் இடைவெளி இருக்கிறது. மில்லிமீட்டரை இருபதாயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு அளவு அகலம்.

இந்த இடைவெளியைக் கண்ணால் காண்பதற்கு நூறு வருஷங்களுக்கு முன்பே ஒரு விஷம் அதைக் காட்டிக் கொடுத்துவிட்டது. தென் அமெரிக்கக் காடுகளில் வேட்டையாடும் ஜாதியார் அம்பு நுனியில் தடவும் குராரே என்ற கொடிச் சாறு அது. குராரே பட்ட மிருகம் துடிக்காமல், கத்தாமல், துவண்டு விழுந்து சாகும். 1850-களில் பிரெஞ்சு அறிஞர் குளோத் பெர்னார் தவளைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். நரம்பைத் தூண்டினால் தசை அசையவில்லை. தசையையே நேராகத் தூண்டினால் அசைந்தது. நரம்பும் சாகவில்லை, தசையும் சாகவில்லை. இரண்டுக்கும் நடுவே எங்கேயோ பாலம் அறுந்திருக்கிறது என்று அவர் முடிவு செய்தார்.

பெர்னாருக்கும் முன்னால், 1814-ல் லண்டனில் நடந்த பரீட்சை ஒன்று இன்னும் ருசிகரமானது. சார்லஸ் வாட்டர்ட்டன் என்ற பிரபு கயானாக் காடுகளில் சுற்றி இந்த விஷத்தைக் கொண்டு வந்திருந்தார். ஒரு பெண் கழுதையின் தோளில் அதை ஏற்றினார்கள். பத்து நிமிஷங்களில் கழுதை செத்ததுபோல் கிடந்தது. அதன் மூச்சுக் குழலைக் கீறி, அதன் வழியாகத் துருத்தியால் காற்றை ஊதினார்கள். இரண்டு மணி நேரம் ஊதியபின் கழுதை தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தது. ஊதுவதை நிறுத்தினார்கள், மறுபடியும் சாய்ந்தது. மேலும் இரண்டு மணி நேரம் ஊதினார்கள். பிழைத்துக்கொண்டது. வாட்டர்ட்டன் தம் பண்ணைக்கு அதை அனுப்பி, ஒரு வேலையும் வாங்காமல் வைத்திருந்தார். 1839 வரையில் அக்கழுதை உயிரோடு இருந்தது. கொல்லன் பட்டறைத் துருத்தி ஒன்று விஷத்தை வென்றதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் இடைவெளியைத் தாண்டிச் செல்வது எது? ஆஸ்திரியாவில் கிராத்ஸ் நகரப் பேராசிரியர் ஆட்டோ லோவி 1921-ல் இதற்கு விடை கண்டார். இரண்டு தவளைகளின் இருதயங்களை எடுத்து உப்பு நீரில் துடிக்கவிட்டார். ஓர் இருதயத்தின் வேகத்தைக் குறைக்கும் நரம்பைத் தூண்டினார், அது மெதுவாயிற்று. அதைச் சூழ்ந்திருந்த நீரை எடுத்து, நரம்பே தொடாத இரண்டாவது இருதயத்தின்மேல் விட்டார். அதுவும் மெதுவாயிற்று. நரம்பு ஏதோ ஒரு வஸ்துவைக் கசியவிடுகிறது என்பதற்கு இதைவிட எளிய ருஜு வேண்டுமா? அந்த வஸ்துவே அசிட்டைல்கோலின். தசையை இயக்கும் நரம்புகளும் இதையே தூதாக அனுப்புகின்றன என்று 1936-ல் ஹென்றி டேலும் அவருடைய சகாக்களும் நிரூபித்தார்கள். அதே வருஷம் டேலும் லோவியும் நோபல் பரிசு பெற்றார்கள். 1938-ல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவில் புகுந்ததும் யூதரான லோவியைச் சிறையில் அடைத்தார்கள். பரிசுப் பணத்தைப் பிடுங்கிக்கொண்ட பிறகே தேசத்தை விட்டு வெளியேற அனுமதித்தார்கள். அறிவைக் கண்டு அஞ்சும் ஆட்சி முதலில் கைவைப்பது யார்மேல் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

நரம்பின் நுனியில் அசிட்டைல்கோலின் நுண்ணிய பைகளில் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. மின்னுத்தரவு வந்து சேர்ந்ததும் பல பைகள் ஒருசேரத் திறந்து இடைவெளியில் கொட்டுகின்றன. எதிர்க் கரையில், தசையின் சவ்வில் பூட்டுகள் வரிசையாக இருக்கின்றன. அசிட்டைல்கோலின் அவற்றுக்குச் சாவி. ஒரு பூட்டுக்கு இரண்டு சாவிகள் வேண்டும். பூட்டுத் திறந்தால் தசைக்குள் மின்னலை பரவித் தசை சுருங்குகிறது. உடனேயே, அவ்விடத்தில் காத்திருக்கும் நொதி ஒன்று சாவிகளை முறித்துப் போட்டுவிடுகிறது. இல்லாவிட்டால் சுருங்கிய தசை சுருங்கியே நிற்கும். இத்தனையும் விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்தில் நடந்து முடிகின்றன. நாம் எழுதும் ஒவ்வோர் எழுத்துக்கும், விழுங்கும் ஒவ்வொரு கவளத்துக்கும், யாவற்றிலும் முக்கியமாக, விடும் ஒவ்வொரு மூச்சுக்கும் இப்படியே. மூச்சு என்பது மார்புக்கும் வயிற்றுக்கும் இடையேயுள்ள உதரவிதானம் என்ற தசையின் வேலை. இருதயம் தானே துடிக்கவல்லது; உதரவிதானமோ கழுத்திலிருந்து இறங்கும் நரம்பின் உத்தரவு இன்றி ஒரு முறையும் அசையாது.

நல்ல பாம்பு தாக்குவது இந்த இடைவெளியின் எதிர்க் கரையை. அதன் விஷம் பூட்டுத் துவாரங்களில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சாவி நுழைய இடமில்லை. குராரே செய்வதும் இதுவே. கட்டுவிரியன் இதற்கும் ஒரு படி மேலே போகிறது. அதன் விஷத்தில் ஒரு பகுதி பூட்டை அடைக்க, மற்றொரு பகுதி நரம்பின் நுனிக்குள் நுழைந்து அந்த நுனியையே அழித்துவிடுகிறது. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் பிரதானமாக ரத்தத்தைக் கெடுப்பவை. அவற்றின் கதை வேறு.

விஷமே அறிவுக்குத் துணை செய்த விந்தையும் இங்கு உண்டு. தைவான் தீவில் வாழும் கட்டுவிரியன் இனம் ஒன்றின் விஷத்திலிருந்து, சாங், லீ என்ற இரண்டு அறிஞர்கள் 1963-ல் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். பூட்டைப் பிடித்தால் விடாத அப்பொருளைக் கொண்டே பிற்பாடு அப்பூட்டைத் தனியே பிரித்து ஆராய முடிந்தது.

கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. உறங்குகிறவன் கையோ காலோ பட்டால் கடிப்பது. கடித்த இடத்தில் வீக்கம் இராது. வலி அநேகமாகத் தெரியாது. பல் பட்ட தடமும் பல சமயம் கண்ணுக்கு அகப்படாது. கடிபட்டவன் விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்று எழுந்திருப்பான். கண்ணிமை சரியும். பேச்சுக் குழறும். எச்சிலை விழுங்க முடியாது. வீட்டார் பேய் என்பார்கள், காற்று என்பார்கள், கஷாயம் காய்ச்சுவார்கள். அதற்குள் விஷம் உதரவிதானத்தை எட்டிவிடும்.

மிகக் கொடுமையானது இனிமேல்தான். இந்த விஷம் மூளைக்குள் புகுவதில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள காவல் அதை உள்ளே விடுவதில்லை. ஆகவே கடிபட்டவன் கண் திறக்க முடியாமல், விரல் அசைக்க முடியாமல் கிடக்கும்போதும், மூச்சுக் குறைந்து பிரக்ஞை போகும் வரையில், அருகில் இருப்பவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். யந்திரத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருப்பவனுக்கோ நாள் முழுதும் பிரக்ஞை இருக்கலாம். கண்மணியும் அசையாதபடியால், அநுபவமில்லாத வைத்தியர் மூளை செத்துவிட்டது என்று தீர்மானித்துவிடும் அபாயம் உண்டு. இத்தகைய நோயாளியின் எதிரில், பிழைக்கமாட்டான் என்று வாய் திறந்து சொல்லலாகாது.

விஷ முறிவு மருந்து குதிரைகளின் ரத்தத்திலிருந்து தயாராகிறது. சிறிது சிறிதாக விஷத்தைக் குதிரைக்கு ஏற்ற, அதன் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகிறது. இந்தியாவில் இம்மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும் பகுதியைக் கொடுத்துவருவது, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978-ல் நிறுவப்பட்டது. பாம்புத் தோல் வியாபாரம் சட்டத்தால் நின்று வயிற்றுப் பிழைப்பை இழந்த இருளர்கள், பிடித்த பாம்பைக் கொல்லாமல் சில வாரம் வைத்திருந்து விஷம் கறந்து மறுபடியும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பள்ளிக்கூடப் படிப்புப் படித்தவர்கள் செய்யாத உபகாரத்தை அவர்கள் செய்திருக்கிறார்கள்.

ஆயினும் இம்மருந்தின் எல்லையையும் அறிய வேண்டும். ரத்தத்தில் திரியும் விஷத்தை அது பிடித்துக் கட்டும். நரம்பு நுனிக்குள் ஏற்கெனவே புகுந்து நாசம் செய்துவிட்ட கட்டுவிரியன் விஷத்தை அது திரும்ப வெளியே கொண்டுவராது. அழிந்த நுனிகள் தாமே மறுபடி முளைக்கவேண்டும். முளைக்கின்றன, சில நாட்களோ சில வாரங்களோ ஆகும். அதுவரை அந்த மனிதனுக்காக வேறொருவர் மூச்சு விடவேண்டும். நல்ல பாம்பின் கடிக்கு இன்னோர் உபாயமும் உண்டு. நியோஸ்டிக்மின் என்ற மருந்து, சாவியை முறிக்கும் நொதியைச் சிறிது நேரம் தடுத்து வைக்கும். சாவிகள் பெருகும், பூட்டுத் துவாரத்துக்கு விஷத்தோடு போட்டியிட்டு வெல்லும்.

இந்த நொதியைத் தடுக்கும் வேலையை அளவின்றிச் செய்தால் என்னவாகும் என்பதை நமது வயல்களே காட்டுகின்றன. பயிருக்கு அடிக்கும் பூச்சி மருந்துகளில் ஒரு பெரும் வகை, மோனோகுரோட்டோபாஸ் முதலியவை, பூச்சியைக் கொல்வது அதன் நரம்பு நுனியிலுள்ள இந்த நொதியை அடக்கித்தான். மனிதனுடைய நொதியும் அதுவே. சாவிகள் முறியாமல் குவிகின்றன. எச்சில் வழிகிறது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குகிறது, மார்பில் சளி நுரைக்கிறது, தசைகள் துடித்துத் துடித்து ஓய்கின்றன. பாம்பு விஷம் உத்தரவை மறித்துக் கொல்கிறது. இது உத்தரவை ஓயவிடாமல் கொல்கிறது. சாவு வருவது இரண்டிலும் ஒரே வாசல் வழியாக, மூச்சு நின்றுதான். 2013 ஜூலை 16-ந் தேதி பீகாரில் சாரண் ஜில்லா கண்டாமன் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில், மத்தியானச் சாப்பாட்டில் இந்த விஷம் கலந்து 23 குழந்தைகள் மாண்டதை நாம் மறந்திருக்க நியாயமில்லை.

மூச்சு நின்றவர்களுக்காக மூச்சு விடுவது நடக்கக்கூடிய காரியமா? 1952-ல் டென்மார்க்கில் நடந்தது இதற்கு விடை. அவ்வருஷம் கோப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவிற்று. அக்கிருமி தண்டுவடத்திலுள்ள இயக்க நரம்பணுக்களையே கொல்வது. பிளெக்டாம் ஆஸ்பத்திரியில் மூச்சும் விழுங்கலும் நின்ற 31 பேரில் 27 பேர் முதல் மூன்று வாரங்களில் இறந்தார்கள். யந்திரங்களோ விரல் விட்டு எண்ணத்தக்கவை. மயக்க மருந்து வைத்தியரான பியோர்ன் இப்சென் என்பவரை அழைத்தார்கள். சஸ்திர சிகிச்சையின்போது குராரே கொடுத்துத் தசைகளைத் தளர்த்திவிட்டு, ரப்பர்ப் பையை அமுக்கி மூச்சு ஊட்டுவது அவருக்குப் பழகிய வேலை. ஆகஸ்டு 27-ந் தேதி பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் மூச்சுக் குழலில் துளையிட்டு, பையைப் பொருத்திக் கையால் அமுக்கினார். நீலம் பாரித்திருந்த சிறுமி பிழைத்தாள். மறு வாரங்களில் ஏறக்குறைய 1,500 வைத்திய மாணாக்கர்களும் பல் வைத்திய மாணாக்கர்களும் முறை போட்டுக்கொண்டு, நோயாளிகளின் தலைமாட்டில் உட்கார்ந்து, இரவு பகலாகப் பையை அமுக்கினார்கள். சில வேளைகளில் எழுபது பேர் வரை ஒரே சமயத்தில் இவ்வாறு உயிரோடு வைக்கப்பட்டிருந்தார்கள். பத்தில் ஒன்பது பேர் மாண்ட நிலை மாறி, பாதிக்கு மேற்பட்டோர் பிழைத்தார்கள். இன்று உலகெங்கும் உள்ள தீவிர சிகிச்சைப் பகுதிகளுக்கு அந்த வார்டே மூதாதை. 1814-ன் துருத்தியும் 1952-ன் பையும் செய்தது ஒரே காரியந்தான்.

நமது நிலைமை என்ன? 2017-ல் உலக சுகாதார ஸ்தாபனம் பாம்புக் கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2024 மார்ச்சில் இந்திய சர்க்கார் ஒரு தேசிய செயல் திட்டத்தை வெளியிட்டு, 2030-க்குள் சாவுகளைப் பாதியாகக் குறைப்பதாகச் சொல்லியிருக்கிறது. 2024 நவம்பரில் தமிழ்நாடு சர்க்கார் பாம்புக் கடியை அவசியம் அறிவிக்கவேண்டிய நோயாகப் பிரகடனம் செய்தது. எண்ணாத சாவைத் தடுக்க இயலாது. ஆகையால் இது நல்ல ஆரம்பம். ஆனால் கடிபட்டவன் முதலில் போய்ச் சேரும் இடம் தலைநகரத்து ஆஸ்பத்திரியன்று. அது ஆரம்ப சுகாதார நிலையம். அதற்கும் முன்னால், பல இடங்களில், மந்திரவாதியின் திண்ணை.

மந்திரவாதிக்குப் பெயர் கிடைப்பதன் காரணம் எளிது. கடிக்கும் பாம்புகளில் பல விஷமற்றவை. விஷப் பாம்பும் பல சமயம் விஷம் இறக்காமல் கடிக்கிறது. அவனிடம் போனவர்களில் பலர் எப்படியும் பிழைத்திருப்பார்கள். புகழ் அவனுக்குச் சேர்கிறது. அவனை ஏசுவதால் பயனில்லை. கடிபட்ட இடத்தைக் கீறாமல், வாயால் உறிஞ்சாமல், கயிற்றால் இறுக்கிக் கட்டாமல், அந்தக் கையையோ காலையோ சிம்பு வைத்து அசையாதபடி செய்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதை அவனுக்கே சொல்லி வைப்பது புத்திசாலித்தனம். தரையில் படுப்பவர்கள் கட்டிலில் படுத்தாலும், கொசுவலையைப் பாயின்கீழ்ச் செருகிக்கொண்டு படுத்தாலும் கட்டுவிரியனுக்குப் பெரிதும் தப்பலாம். கட்டில் வாங்கச் சக்தியில்லாத குடும்பங்கள் இருக்கின்றன என்பது வைத்திய சாஸ்திரத்தின் குற்றமன்று.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் விஷ முறிவு மருந்து இருக்கவேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நாமும் கேட்கிறோம். அதோடு ஒவ்வொரு நிலையத்திலும், அங்கிருந்து நோயாளியை ஏற்றிச் செல்லும் ஒவ்வொரு வண்டியிலும், மூச்சூட்டும் பை ஒன்று இருக்கவேண்டும். மூச்சுக் குழலை அடைபடாமல் வைத்துக்கொண்டு அதை அமுக்கத் தெரிந்த கை இருக்கவேண்டும். பை அபூர்வமான பொருளன்று, மின்சாரம் வேண்டாதது, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு அமுக்கச் செவிலியருக்கும் வண்டி ஊழியருக்கும் கற்றுக்கொடுக்கலாம். வளர்ந்த ஆளுக்கு ஐந்து விநாடிக்கு ஒரு தரம் அமுக்கினால் போதும். நிமிஷத்துக்குப் பன்னிரண்டு, மணிக்கு 720. மலையடிவாரத்துக் கிராமத்திலிருந்து ஜில்லாத் தலைநகருக்கு இரண்டு மணி நேரப் பிரயாணம் என்று வைத்துக்கொண்டால், யந்திரம் இருக்கும் இடம் போய்ச் சேரும் வரை 1,440 தரம்.